அப்பா பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாரடைப்புக்குப் பிறகு தொடர்ந்து நடக்க வைப்பது எப்படி?

நிலாவெளி மகள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. ஓய்வுபெற்ற பஸ் சாரதி. சித்திரை மாதம் மாரடைப்பு வந்து, கண்டிக்கு அனுப்பி, ஆஞ்சியோகிராம் செய்து, அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட் (சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். ஊர் திரும்பிய பிறகு கிளினிக் வைத்தியர், வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபிப் பகுதிக்கு வந்து மேற்பார்வையில் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். சில வாரங்கள் ஒழுங்காகப் போனார். இப்போது போவதே இல்லை. கேட்டால், "அடைப்பை எடுத்துவிட்டார்கள், இனி என்ன?" என்கிறார். குளிசைகளை மட்டும் நேரம் தவறாமல் போடுகிறார். மற்ற நேரமெல்லாம் விறாந்தைக் கதிரையும் பத்திரிகையும்தான்.

அம்மாவோ அவருக்கு மேல். வாளியைத் தொட விடமாட்டார். அப்பா படலை வரை சற்று எட்டி நடந்தாலே "நெஞ்சு நோகிறதா?" என்று பின்னால் ஓடுகிறார். நானும் ரொறன்ரோவில் இருக்கும் தம்பியும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இந்த நிலைமையைக் கடந்து வந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

தனிவழி

தங்கச்சி, உங்கள் அம்மா சொல்வதுதான் சரி. அடிபட்ட இதயம் அது. காலைக் கையை உடைத்துக்கொண்டவனை ஓடு என்று யாராவது சொல்வார்களா? 64 வயதில் அவர் பதக்கம் வாங்கவா போகிறார்? நிம்மதியாக இருக்கட்டும், விடுங்கள்.

பழைய அதிபர்

தனிவழி அவர்களே, நீங்கள் சொல்வது 1940களின் வைத்தியம். அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் கட்டிலில் கிடத்தி வைத்தார்கள். சோற்றைக்கூட ஊட்டிவிட்டார்கள். கிடந்தே பலர் காலில் இரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போய் இறந்தார்கள். 1952இல் அமெரிக்காவில் லெவின், லவுன் என்ற இரு வைத்தியர்கள் நோயாளிகளைத் தூக்கிக் கதிரையில் உட்கார வைத்தார்கள். அதற்கே அன்று கடும் எதிர்ப்பு. பிறகு கதிரையிலிருந்து எழுந்தார்கள், நடந்தார்கள், இன்று மறுநாளே வார்ட்டுக்குள் நடக்க விடுகிறார்கள். உடைந்த கையைக்கூட ஆறு வாரத்துக்குப் பிறகு கட்டுப் பிரித்து அசைக்கத்தானே சொல்கிறார்கள்?

எனக்கு பைபாஸ் செய்து வருடங்கள் ஆகிவிட்டன. நெஞ்செலும்பைப் பிளந்து கம்பி போட்டுக் கட்டியவன் நான். இன்றைக்கும் காலையில் நடக்கிறேன். ஆகவே இதைப் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டுச் சொல்லவில்லை.

மகளே, உங்களிடம் ஒரு கேள்வி. "ஏன் போகவில்லை?" என்று அப்பாவிடம் அதட்டாமல் கேட்டீர்களா? நீங்கள் எழுதியிருப்பதில் நீங்கள் சொன்னது இருக்கிறது, தம்பி சொன்னது இருக்கிறது, அம்மா சொன்னது இருக்கிறது. அவர் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வரி. அந்த வரியும் உங்கள் வாயை அடைக்கச் சொன்னதுபோலத்தான் எனக்குப் படுகிறது.

பிசியோ தம்பலகாமம்

இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். அப்பாவின் கிளினிக் கொப்பியையும் எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையையும் பார்க்காமல் அவருக்கென்று தனியாக எதுவும் சொல்ல மாட்டேன். பொதுவாக மட்டும்.

அடைப்பை எடுத்துவிட்டார்கள் என்பது உண்மை, ஒரே ஒரு இடத்தில். கந்தளாய் வீதியில் ஒரு பள்ளத்தை மூடிவிட்டால் கொழும்பு வரை வீதி புதிதாகிவிட்டது என்று எந்தச் சாரதியும் சொல்லமாட்டார். அதை அப்பாவிடம் அப்படியே கேளுங்கள். மற்ற இரத்தக்குழாய்களின் சுவர்களில் கொழுப்புப் படிவது ஸ்டென்ட் வைத்த பிறகும் தொடரும். அதைக் கட்டுப்படுத்துவது குளிசை, உணவு, புகையை விடுவது, உடற்பயிற்சி. இந்த நான்கில் குளிசையைப் பிடித்துக்கொண்டு உடற்பயிற்சியை விட்டுவிட்டார்.

பயிற்சியால் உண்மையிலேயே பலன் உண்டா என்றால், உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் குழுவினர் 2021இல் 85 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 23,000க்கும் மேற்பட்ட இதய நோயாளிகள். பயிற்சியில் சேர்ந்தவர்களிடையே இதய நோயால் இறப்பது, மீண்டும் மாரடைப்பு வருவது, வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது மூன்றும் குறைந்திருந்தன. இவ்வளவு பலன் இருந்தும் உலகம் முழுக்க இதில் சேர்கிறவர்களும் குறைவு, சேர்ந்து முடிக்கிறவர்களும் குறைவு. உங்கள் அப்பா விதிவிலக்கானவர் இல்லை.

முடிக்க வைப்பது எப்படி என்பதையே தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். 2019இல் அதே குழு, அதற்கென்று நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்தது. சேர்வதற்கு உதவியது, தாதியோ பிசியோவோ நோயாளியை நேரில் கண்டு கதைத்தது. விடாமல் தொடர்வதற்கு உதவியது, பயிற்சியின் ஒரு பகுதியையாவது வீட்டுக்கே கொண்டுபோய், தொலைபேசியில் தொடர்பு வைத்திருந்தது. நிலாவெளியிலிருந்து பட்டினத்துக்கு வருகிறவருக்கு இந்த இரண்டாவது விஷயம் முக்கியம்.

அதிபர் ஐயா கேட்ட கேள்விக்குப் பதில் வரட்டும். காரணம் தெரியாமல் நான் எதைச் சொன்னாலும் அது பொதுப் பிரசங்கமாகத்தான் இருக்கும்.

ஹரோ தம்பி

லண்டனிலிருந்து. இங்கே என் மாமனாருக்கு அரச சுகாதார சேவையில் எட்டு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். வைத்தியசாலை மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து செய்வது. முதலில் அவர் போக மறுத்தார், "வெள்ளைக்காரக் கிழவர்களோடு நான் என்ன குதிப்பது" என்று. இரண்டு வாரத்தில் அங்கே ஒரு பஞ்சாபிக்காரர் நண்பராகிவிட்டார். பிறகு மழையோ பனியோ, நாங்கள் தடுத்தாலும் போனார். இன்று வரை பயிற்சியை விட்டாலும் பஞ்சாபிக்காரரை விடவில்லை. இருவரும் சேர்ந்து பூங்காவில் நடக்கிறார்கள்.

நிலாவெளி அக்கா, அப்பா பஸ் சாரதி என்றீர்கள். இந்த விஷயத்தில் உலகத்துக்குப் பாடம் சொன்னதே பஸ்காரர்கள்தான் என்று அவரிடம் சொல்லுங்கள். 1953இல் ஜெரி மொரிஸ் என்ற வைத்தியர் லண்டன் மாடிப் பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய சாரதிகளைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. ஒரே பஸ், ஒரே வீதி, ஒரே புகை.

சாம்பல்தீவு அக்கா

அப்பாக்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். நானும் ஒரு நோயாளிதான். மாரடைப்பு வந்து இரண்டு ஸ்டென்ட். வீட்டுக்கு அனுப்பும்போது என்னிடம் யாரும் பயிற்சி என்ற பேச்சையே எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் கணவருக்கும் மாரடைப்புத்தான், அவருக்குப் பயிற்சிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு, "வீட்டு வேலையைக் கொஞ்சம் குறையுங்கள் அம்மா" என்பதோடு சரி. நானாகக் கேட்டு வாங்கிய பிறகும் போவது இலேசாக இருக்கவில்லை. காலையில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். மத்தியானம் சமையல். பின்னேரம் வீதியில் நடந்தால், "எங்கே அவசரமாகப் போகிறீர்கள்?" என்று நான்கு வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கை நாய்கள் பற்றித் தனி இழையே தொடங்கலாம்.

எனக்குக் கைகொடுத்தது கோயில் வீதி. காலையில் பூசைக்கு முன் வெளிவீதியைச் சுற்றுகிறேன். சுற்றுகிறவளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நிழல் இருக்கிறது, நிலம் சமம், களைத்தால் உட்காரத் திண்ணை இருக்கிறது, பத்துப் பேர் கண்ணில் படும் இடம். முதலில் மூன்று சுற்றோடு இளைத்தது. இப்போது எத்தனை என்று எண்ணுவதில்லை, மணிக்கூட்டைப் பார்த்து அரை மணி நேரம்.

தனிவழி

அக்கா, நாள் முழுக்க வீட்டில் நின்று வேலை செய்கிறீர்கள், அது போதாதா?

சாம்பல்தீவு அக்கா

நின்றால் கால்தான் வீங்குகிறது, தம்பி. தேங்காய் துருவுவதும் உலை வைப்பதும் இரண்டு நிமிடம் அசைவு, பத்து நிமிடம் நிற்பு. மூச்சு கொஞ்சம் கூடி, அந்த நிலையிலேயே இருபது முப்பது நிமிடம் இருந்தால்தான் இதயத்துக்குப் பயிற்சி என்று பிசியோப் பிள்ளை விளங்கப்படுத்தினார். என் வீட்டுக்காரரும் நீங்கள் கேட்டதைத்தான் கேட்டார். ஒரு நாள் சமையலை அவரிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பிறகு கேட்கவில்லை.

நிலாவெளி மகள்

அதிபர் ஐயா சொன்னபடி நேற்றிரவு கேட்டேன். அம்மா தூங்கிய பிறகு, பிளேன் ரீயோடு விறாந்தையில். முதலில் பேச்சை மாற்றினார். பிறகு தானாகவே சொன்னார்.

முச்சக்கரவண்டிக் காசு. போக வர நான் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "மகளின் சம்பளத்தில் நான் ஏறி இறங்கிக் கைகாலை ஆட்ட வேண்டுமா?" என்கிறார். பஸ்ஸில் போகலாமே என்றேன். அது இன்னொரு கதை. பஸ்ஸில் பயணியாக ஏறினால், ஓட்டுகிறவன் கியர் மாற்றுவதைப் பார்த்தே தனக்குப் பிரஷர் ஏறுகிறதாம்! சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன்.

அடுத்தது களைப்பு. பயிற்சிக்குப் போய் வந்தால் அன்று முழுக்க உடம்பு ஈயமாகக் கனக்கிறதாம். பயிற்சி தன்னைப் பலவீனமாக்குகிறது என்று நினைத்துவிட்டார்.

கடைசியில் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. இதயம் வேகமாக அடிக்கத் தொடங்கினால், அன்றைக்கு வந்ததுபோலவே மறுபடியும் வருகிறது என்று பயம். பயிற்சி அறையில் நெஞ்சு படபடத்தபோது யாரிடமும் சொல்லாமல், தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்து வாங்கில் இருந்திருக்கிறார். அதன் பிறகுதான் போகவில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் கடற்கரையில் நடக்கலாமே என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு அப்பா கடற்கரைப் பக்கம் போவதில்லை. பிரதான வீதியில் புல்மோட்டை லொறிகள் பறக்கின்றன.

பிசியோ தம்பலகாமம்

அக்கா, இந்தப் பதிவுதான் அவருடைய கிளினிக் கொப்பியில் இருந்திருக்க வேண்டும்.

பயத்தை முதலில் எடுப்போம். இதயம் வேகமாக அடிப்பதும் மாரடைப்பும் ஒன்றில்லை என்று வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார். உடம்பால் அறிய வேண்டும். அதற்காகத்தான் முதல் வாரங்களில் மேற்பார்வை. ஈசிஜி ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் பக்கத்தில் நிற்க, இதயத் துடிப்பு ஏறுவதையும் நிறுத்தியதும் இறங்குவதையும் அவரே பார்க்க வேண்டும். ஆகவே முற்றாக வீட்டிலேயே செய்யட்டும் என்று நான் சொல்லமாட்டேன். மறுபடி இரண்டு மூன்று தடவை அழைத்து வாருங்கள். வாங்கில் போய் இருந்த கதையை அங்கே இருப்பவரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு வீட்டு நடை, வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு என்று மாற்றலாமா என்று கேளுங்கள். நிலையம் வந்து செய்தவர்களுக்கும் வீட்டில் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் கிடைத்த பலன் ஏறக்குறைய ஒன்று என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே இது இரண்டாந்தர ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம்.

எவ்வளவு வேகம் என்று கேட்பீர்கள். கிளினிக் கொப்பியில் பிசோபுரோலோல், அடெனோலோல், மெட்டோபுரோலோல் என்று ஏதாவது இருந்தால் நாடித் துடிப்பை எண்ணி வேகத்தை அளப்பது பயனற்றது. அந்தக் குளிசைகள் துடிப்பைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும். அவற்றை எடுப்பவர்களுக்கு, உடம்புக்கு எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்பதே அளவு. சுவீடனின் குன்னர் போர்க் என்பவர் 6இலிருந்து 20 வரை ஓர் அளவுகோல் போட்டுக் கொடுத்திருக்கிறார். 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இனி முடியாது என்பது. எங்கள் நோயாளிகளைப் பெரும்பாலும் 11க்கும் 13க்கும் இடையில் வைத்திருப்போம். எண் பிடிக்காதவருக்கு இன்னும் எளிது: நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது.

முதல் ஐந்து பத்து நிமிடம் மெதுவாகத் தொடங்குவது போலவே முடிவிலும் மெதுவாக்கி நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் இரத்தம் காலில் தங்கி, தலை சுற்றும். பிரஷர் குளிசை போடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். "பயிற்சி ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திய சிலரை விசாரித்தால் இதுதான் நடந்திருக்கும்.

கடற்கரைக்கு அவரை வற்புறுத்தவே வேண்டாம். அந்த நினைவு ஒரு பக்கம். மற்றப் பக்கம், காய்ந்த மணலில் நடக்கக் கட்டாந்தரையைவிட ஏறக்குறைய இரு மடங்கு சக்தி செலவாகும். ஆரம்பக்காரருக்கு ஏற்றதில்லை.

ஓய்வுபெற்ற தாதி

களைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே பிசியோத் தம்பி சொன்ன அதே குளிசைகள் ஆரம்ப வாரங்களில் உடம்பை அடித்துப் போட்டது போலாக்கும். பலருக்குப் போகப் போகச் சரியாகும். ஆகாவிட்டால் வைத்தியர் அளவை மாற்றுவார். தானாக நிறுத்துவதுதான் ஆபத்து, திடீரென்று விட்டால் நெஞ்சு நோவே திரும்ப வரலாம். கொழுப்புக்குப் போடும் குளிசையால் தசை நோவு என்றாலும் அப்படித்தான், சொல்ல வேண்டும், விடக் கூடாது. எங்கள் ஆண்கள் வைத்தியர் முன்னால் போனால் "சுகம் சேர்" என்பதைத் தவிர வேறு வாய் திறப்பதில்லை. நீங்கள் கூடப் போங்கள்.

இன்னொன்று. பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறார் என்றீர்கள். பக்கம் திருப்புகிறாரா? மாரடைப்புக்குப் பிறகு ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது வந்தவர்கள்தான் பயிற்சியை முதலில் கைவிடுகிறவர்கள். தூக்கம், பசி, பேச்சு குறைந்திருந்தால் கிளினிக்கில் அதையும் சொல்லுங்கள். சோம்பல் என்று திட்டினால் இன்னும் உள்ளே போய்விடுவார்கள்.

வெட்கப்பட்டு யாரும் கேட்காத கேள்வி ஒன்றும் உண்டு. கணவன் மனைவி உறவைப் பற்றியது. இரண்டு மாடிப் படி நெஞ்சு நோவோ மிதமிஞ்சிய இளைப்போ இல்லாமல் ஏற முடிந்தால் பொதுவாக அதற்கும் தடையில்லை. ஆனால் நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை பையில் இருப்பவர்கள் ஆண்மைக்கான மாத்திரைகளைத் தொடவே கூடாது, பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய்விடும். வார்ட்டில் இதை நான் சொன்னபோதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள், ஆனால் கேட்டார்கள்.

மட்டுறுத்துநர்

நல்ல விவாதம். ஒரு வேண்டுகோள்: குளிசைகளின் அளவு, கூட்டுவது குறைப்பது பற்றி இங்கே யாரும் எழுத வேண்டாம். பயிற்சியின்போது நெஞ்சு நோவு, குளிர் வியர்வை, தலைச்சுற்று, வழமைக்கு மாறான இளைப்பு வந்தால் உடனே நிறுத்தி உட்கார வேண்டும். நாக்கின் கீழ்க் குளிசை தரப்பட்டிருந்தால் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

கிண்ணியா நானா

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவுக்கும் இதே நிலைமை இருந்தது. அவருக்குப் பயிற்சி என்ற சொல்லே பிடிக்காது. நடந்து என்ன கண்டேன் என்பார். கணக்கு வழக்கு நிறைந்த மனிதர், கடை வைத்திருந்தவர். ஆகவே அவருக்கு ஒரு கணக்குக் கொடுத்தோம்.

எங்கள் கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம், 2009இல் திறந்தது. சுபஹ் தொழுகை முடிந்ததும் பாலத்தின் இந்த முனையில் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் புறப்படுவார். அந்த முனையில் பார்ப்பார். நிமிடத்தைக் கொப்பியில் எழுதுவார், கடைக் கணக்கு எழுதிய அதே கையெழுத்தில். முதல் மாதம் நடுவில் நின்று கைபிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மீன் பிடிப்பவர்களைப் பார்ப்பதாகப் பாவனை செய்வார். மூச்சு வாங்குகிறது என்று எங்களுக்குத் தெரியும், கேட்கமாட்டோம். பிறகு நிற்காமல் போனார். இப்போது கிளினிக்கில் வைத்தியருக்குக் கொப்பியைக் காட்டுவது எங்களுடைய வேலை இல்லை, அவரே எடுத்து நீட்டுகிறார்.

பிசியோ தம்பலகாமம்

நானா, அருமை. நாங்கள் வைத்தியசாலையில் செய்யும் ஆறு நிமிட நடைச் சோதனையும் ஏறக்குறைய இதுதான். 30 மீற்றர் நடைபாதையில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகிறார் என்று அளப்போம். ஒரே கவனம், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பாலத்தில் எதிர்க்காற்றுக்கு நடப்பது சுமையைக் கூட்டும். அந்த நாட்களில் நிமிடம் கூடினால் வாப்பா மனம் தளரக் கூடாது. வேகத்தைக் குறைக்கட்டும், உடம்பு சொல்வதே அளவு.

கிண்ணியா நானா

ஒரு சந்தேகம் தம்பி. நோன்பு காலத்தில் என்ன செய்வது?

பிசியோ தம்பலகாமம்

முதலில் நோன்பு பிடிக்கலாமா என்பதையே இதய வைத்தியரிடம் நோன்புக்கு முன்னதாகக் கேட்க வேண்டும், குளிசை நேரங்களை அவர்தான் மாற்றித் தருவார். பிடிக்கலாம் என்றால் பகலில், அதிலும் நோன்பு திறப்பதற்கு முந்திய மணித்தியாலங்களில் நடை வேண்டாம். தண்ணீர் இல்லாத உடம்பு, இந்த வெயில். நீர் போகக் குளிசை எடுப்பவருக்கு இன்னும் ஆபத்து. திறந்து, இலேசாகச் சாப்பிட்டு, ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்து நடக்கலாம். தராவீஹ் தொழுகையும் உடலசைவுதான், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஹரோ தம்பி

ரொறன்ரோத் தம்பிக்கு ஒரு யோசனை. நானும் ஊரில் இருக்கும் என் அப்பாவிடம் தொலைபேசியில் "நடந்தீர்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "ஓம், ஓம்" என்பார். அம்மா பின்னாலிருந்து "பொய்" என்பார். அதோடு சண்டை. இப்போது "எங்கே வரை போனீர்கள், யாரைக் கண்டீர்கள்?" என்று கேட்கிறேன். போகாத நாளில் சொல்ல ஒன்றும் இருக்காது, அவருக்கே அலுப்பாக இருக்கும். போன நாளில் கதை முடியாது. யாருடைய மாடு யாருடைய வேலியை உடைத்தது என்பது வரை எனக்கு இங்கே தெரியும்.

தனிவழி

சரி, நடக்கத்தான் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரை விடாது. வாடைக்காற்று வேறு. அப்போது இந்தப் பாலமும் கோயில் வீதியும் என்னவாகும்? மூன்று மாதம் விட்டவர் மறுபடி தொடங்கமாட்டார். அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

பழைய அதிபர்

இந்த இழையில் உங்களிடமிருந்து வந்த முதல் நல்ல கேள்வி. பதில் இருக்கிறது. மழைக்கு முன்பே மழைக்கால ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும், மழை தொடங்கிய அன்று யோசித்தால் கதிரைதான் வெல்லும். "மழை பெய்தால் விறாந்தையில் அதே நேரத்துக்கு" என்று முன்பே முடிவெடுத்து வைத்திருக்கிறேன். என் வீட்டு விறாந்தை நீளமானது, வானொலிச் செய்தி தொடங்கும்போது தொடங்கி, முடியும்போது முடிக்கிறேன். இடம் இல்லாதவர்கள் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நடக்கலாம். கதிரையில் கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்வதும் நல்ல பயிற்சி, தொடைக்கு வலு. ஆக, கதிரைக்கும் ஒரு பயன் இருக்கிறது.

பைபாஸ் செய்தவர்கள் இதை வாசித்தால், இதையும் கேளுங்கள்: நெஞ்செலும்பு பொருந்தும் வரை, வைத்தியர் சரி என்னும் வரை, கிணற்றில் தண்ணீர் அள்ளவே கூடாது. கயிற்றை இழுக்கும்போது முழுச் சுமையும் நெஞ்சின் நடுவிலே விழும். சைக்கிள், காஸ் சிலிண்டர் எல்லாம் அதே கணக்கு. ஆனால் மூன்று மாதத்துக்குச் சொன்ன தடையை மூன்று வருடம் பிடித்துக்கொண்டு இருப்பவர்களையும் எனக்குத் தெரியும்.

நிலாவெளி மகள்

எல்லோருக்கும் நன்றி. சொன்ன பலவற்றைச் செய்து பார்த்தேன். எல்லாம் பலிக்கவில்லை. பஸ் நடத்துநர் கதையைச் சொன்னேன் ஹரோ தம்பி. "நடத்துநர்கள் எப்போதும் தங்களைத்தான் உயர்த்திச் சொல்வார்கள்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்!

ஆனால் பயிற்சிக்கு மறுபடி போனோம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அங்கே இருந்த பெண் பிள்ளை அம்மாவைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, "இந்த எண்ணைப் பாருங்கள் அம்மா, ஏறுகிறது, இப்போது நிறுத்துகிறார், பாருங்கள் இறங்குகிறது" என்று காட்டினார். அப்பாவைவிட அம்மா அதைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாறி மாறி இரண்டு தடவை காட்டச் சொல்லிக் கேட்டார். வீட்டுக்கு வந்த பிறகு பின்னால் ஓடுவது குறைந்திருக்கிறது. முற்றாக நிற்கவில்லை. இப்போது "நெஞ்சு நோகிறதா?" என்பதற்குப் பதிலாக "கதைக்க முடிகிறதா?" என்று படலையிலிருந்து கத்துகிறார். அவர் "முடிகிறது" என்று திருப்பிக் கத்துகிறார். ஒழுங்கை முழுக்கக் கேட்கிறது.

வாரம் இரண்டு நாள் வருவதை மாதம் இரண்டு நாளாக்கி, திங்கட்கிழமைகளில் தொலைபேசியில் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். காசுப் பிரச்சினையும் அத்தோடு பாதி தீர்ந்தது. களைப்பைப் பற்றி வைத்தியரிடம் சொன்னோம், குளிசை நேரத்தை இரவுக்கு மாற்றிக் கொடுத்தார்.

குறை ஒன்றுதான். உள் ஒழுங்கைகளில் தனியாக நடக்க அவருக்கு அலுப்பாக இருக்கிறது. பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்.

சாம்பல்தீவு அக்கா

அம்மாவையும் கூட நடக்கச் சொல்லுங்கள் பிள்ளை. கத்துகிற அந்த மூச்சை நடப்பதற்குச் செலவழிக்கலாம்.

பழைய அதிபர்

மகளே, நான் கோபாலபுரத்தில் இருக்கிறேன். காலை ஆறு மணிக்கு உள் வீதிகளால் நடப்பேன், ஏழுக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுவேன், வெயில் ஏறிய பிறகு இந்த வயதில் வீதியில் நிற்கக் கூடாது. என்னோடு இன்னும் இருவர் வருகிறார்கள், ஒருவர் தபால் திணைக்களத்தில் இருந்தவர், மற்றவர் கரைவலைச் சம்மாட்டி. அரசியல் மட்டும்தான் கதைப்போம், நோயைப் பற்றிக் கதைத்தால் அபராதம். பஸ் ஓட்டியவர் ஒருவர் எங்களுக்கு இல்லாத குறைதான். ஞாயிறு வரட்டும்.

நிலாவெளி மகள்

ஐயா, சொன்னேன். "எந்த அதிபர்? பள்ளிப் பிள்ளைகள் ஏறும் தரிப்பில் பஸ் பிந்தியது என்று முறைப்பாடு எழுதியவரா?" என்று கேட்கிறார். சனிக்கிழமை ஆகுமா? ஞாயிறு உறவினர் வீட்டு அந்தியேட்டி இருக்கிறது.

பழைய அதிபர்

அது நான்தான். பஸ்ஸும் பிந்தித்தான் வந்தது. சனிக்கிழமை ஆகும். வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம், இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டு வரட்டும். சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர் என்றால் சட்டைப்பையில் இரண்டு டொபியும் இருக்க வேண்டும். நாக்கின் கீழ்க் குளிசையை மறக்க வேண்டாம்.